காலிதீனுக்கு நேர்ந்த சேவல்

"அந்த யூனிவேசிற்றியில பொம்புளப் புள்ளைகளும் படிக்கிறாங்களா?"

"ஓம், படிக்கிறாங்க."

"ஆம்புளைகளோட ஒரே அறைக்குள்ளயா?"

"ஒரே அறைதான். இரிக்கிற வாங்கு வேற."

"முக்காடு போட்டுத்தானே?"

"ஆரு போடுவா? சாறி உடுத்து, புத்தகத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வருவாங்களாம். காலிதீன் காக்காதான் சொன்னாரு. நான் கண்டது ஒருத்தியத்தான். மட்டக்களப்புல, சோதனை மண்டபத்துல. எனக்கு மை தந்த புள்ள."

லைலாவின் கை புளியாணச் சட்டிக்குள் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டது.

"மை தந்ததா?"

"என்ட பேனையில மை முடிஞ்சிட்டு. பக்கத்து மேசையில இருந்தவ தந்தா. கெட்டிக்காரப் புள்ள. கடகடவெண்டு எழுதினா."

"நல்ல நிறமா?"

"ஆரு?"

"மை தந்தவ."

"நான் எங்க பார்த்தன்? வினாத்தாளத்தான் பார்த்தன்."

வினாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவள் கடகடவென்று எழுதியது எப்படித் தெரிந்தது என்று கேட்க லைலாவுக்கு வாய் வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடந்தது. பாஸ் பண்ணிப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா என்பது. கல்யாணமான நாளிலிருந்து கிடக்கிற கேள்வி. அதையும் அவள் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஆணம் விடட்டா?" என்றாள்.

அது மார்கழி மாதம். வாடைக் காற்று ஓலை வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மக்கீன் என்ரன்ஸ் சோதனை எழுதிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து, நனைந்த சாரத்தை மாற்றிக்கொண்டு, பசியோடு தின்றுகொண்டிருந்தான். சொன்னதை அவன் அன்றைக்கே மறந்தும் விட்டான். லைலா மறக்கவில்லை. கூனி இறால் புடைக்கும்போதும் நெல் அவிக்கும்போதும் அந்த மை தந்தவள் சாறி உடுத்திக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றாள். ஒரு நாள் கறுப்பியாக வந்தாள், மறுநாள் சிவப்பியாக வந்தாள். எப்படி வந்தாலும் வடிவாகத்தான் வந்தாள்.

அவர்கள் ஊரான சாய்ந்தமருதில் பெண்ணுக்கு வீடு, ஆணுக்கு அந்த வீட்டில் ஒரு பாய் என்று பகிடியாகச் சொல்வார்கள். வயல்கார அச்சிமுகம்மதுப் போடியார் மகள் லைலாவுக்குக் கல் வீடு கட்டி, மருதமுனை நெசவுகாரர் ஒருவரின் மகன் மக்கீனை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை படிக்கிற வரைக்கும் படிப்பிப்பது தன் பொறுப்பென்று சபையில் சொல்லித்தான் கொண்டுவந்தார். படித்த மாப்பிள்ளை எந்த ஊரில் உத்தியோகம் பார்த்தாலும் லீவுக்கு வருவார். பெண் உம்மாவின் வளவை விட்டு அசைய மாட்டாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு புருஷனோடு ஊர் போனவள் என்று அவர்கள் குடியில் ஒருத்தியுமில்லை. போனால், உம்மாவோடு கோபமா, மாப்பிள்ளையில் சந்தேகமா என்று ஊர் வாய் ஓயாது. அதனால்தான் அந்தக் கேள்வி ஒரு வருஷமாக உள்ளேயே கிடந்தது.

கேட்க முடியாததை அவள் வேறு வழியால் செய்தாள். அடுத்த வியாழக்கிழமை உம்மாவோடும் அயல் பெண்களோடும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் போனாள். உம்மா றுகையா இரண்டு கையையும் ஏந்தி, மருமகன் பாஸ் பண்ணி யூனிவேசிற்றிக்குப் போனால் ஒரு கிடாய் அறுத்துக் கந்தூரி விருந்து கொடுப்பதாகச் சத்தமாக நேர்ந்தாள். பக்கத்தில் முக்காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு லைலாவும் நேர்ந்தாள். அவர் அந்த யூனிவேசிற்றி ஊருக்குப் போகாமல் இருந்தால் ஒரு வெள்ளைச் சேவலும் ஒரு மரைக்கால் அரிசியும். தோற்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. போகாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். எப்படிப் போகாமல் இருப்பது என்பதை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டுவிட்டாள்.

பங்குனியில், வயல் வட்டையெங்கும் சூடு போட்டுப் போரடித்து நெல் வீட்டுக்கு வரத் தொடங்கிய நாட்களில், தபால்காரர் இளையதம்பி இரண்டு கடிதம் கொண்டுவந்தார். ஒன்று மக்கீனுக்கு. மற்றது காலிதீனுக்கு. காலிதீன் அடுத்த வீட்டு மாப்பிள்ளை, லைலாவின் பெரியும்மா மகள் றம்ஸியாவின் புருஷன். அவனும் அதே சோதனையை எழுதியிருந்தான். இரண்டு வீடும் ஒரே வளவுக்குள், நடுவில் ஒரு கிணறு. காலிதீனின் கடிதம் தடிப்பாக இருந்தது. மக்கீனின் கடிதம் மெல்லிசு. இங்கிலீசு தெரியாவிட்டாலும் உறையின் தடிப்பு லைலாவுக்குத் தெரிந்தது. அவள் நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்ததற்காகவே பயமும் வந்தது.

பின்னேரம் மக்கீன் தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்து, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு உறையைக் கிழித்தான். நின்றபடியே வாசித்தான். பிறகு கிணற்றுக் கட்டின் மேல் போய் இருந்தான்.

"என்ன மருமகன்?" என்றாள் றுகையா.

"சோதனை பாஸ்தான் மாமி."

றுகையா அல்ஹம்துலில்லாஹ் என்று கையை உயர்த்தினாள். கிடாய் கட்டியிருந்த பக்கம் அவள் கண் போனது.

"ஆனா யூனிவேசிற்றிக்குப் புள்ளி காணா."

"பாஸெண்டா பாஸ்தானே? அதென்ன காணாத பாஸ்?"

மக்கீன் கடிதத்தை நாலாக மடித்தான். "மாமி, கந்தூரிக்குப் போறமே. சோத்துச் சஹன் நூறுதான் இரிக்கு. வந்த சனம் ஆயிரம். எல்லாருக்கும் பசிதான், எல்லாரும் கைகால் கழுவி வுளுச் செஞ்சிட்டுத்தான் வந்திரிக்காங்க. ஆனா முன்வரிசைக்குத்தான் சஹன் வரும். சரித்திரத்துல எனக்குப் புள்ளி குறைவு. அது என்னப் பின்வரிசைக்கு இழுத்துட்டு. அத்தாட்சிப் பத்திரம் தருவாங்க. இடம் தரமாட்டாங்க."

றுகையா கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப காலிதீனுக்குச் சஹன் கிடைச்சிட்டா?"

அதற்கு மக்கீன் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அடுத்த வீட்டில் றம்ஸியாவின் உம்மா குரவையிட்டாள்.

றுகையாவின் கிடாயை லைலாவின் சேவல் வென்றுவிட்டது. அன்று மாலை லைலா புருஷனுக்குக் கீரிமீன் பொரித்து, தயிர் வைத்து, முட்டையும் பொரித்து வைத்தாள். அவன் இனிமேல் தன் வீட்டில்தான் இருப்பான், மை தந்தவள் எங்கேயோ படித்துக்கொண்டு போகட்டும் என்ற நினைவில் அவள் கை ஒரு வேலையை இரண்டு தரம் செய்தது. மக்கீன் முட்டையைத் தொடவில்லை. ஆணமில்லாமல் வெறுஞ்சோற்றில் பாதி தின்றுவிட்டுக் கைகழுவினான். அந்த முட்டையை மறுநாள் காலையில் காகத்துக்குப் போட்டபோது லைலாவின் சந்தோஷம் அதோடு போய்விட்டது.

இரண்டாம் நாள் மக்கீன் மட்டக்களப்புக்குப் போய்த் தன்னைப் படிப்பித்த மாஸ்டரைக் கண்டு வந்தான். மாஸ்டர் சொன்னதை மாமனாரிடம் ஒளிக்காமல் சொன்னான். இந்தப் புள்ளியோடு எந்தக் கதவையும் தட்ட முடியாது. மார்கழியில் திரும்ப எழுதலாம். சரித்திரத்தைத் தூக்கி நிறுத்தினால் இடம் கிடைக்கக் கூடும், கிடைக்காமலும் போகலாம். ஆனால் சூட்டுக்கும் வட்டைக்கும் நடுவில் இருந்து படிக்க ஏலாது. மட்டக்களப்பில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய் இருக்க வேண்டும்.

போடியார் வெற்றிலையை மென்றபடி கேட்டார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் வெள்ளாமைக்காரர். ஒரு போகம் பிழைத்தால் மறுபோகத்துக்கு எந்த நெல் போடுவது என்று யோசிக்கிறவர்.

"படிக்கிறதெண்டாலும் படிப்பிக்கிறன் மருமகன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனா நம்மட நெல்லுச் சங்கத்துல கிளாக்கர் இடம் ஒண்டு வந்திரிக்கு. ஒங்கட பத்திரம் அதுக்குக் காணும். தலைவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருவாரு. அதுக்கு முதல் ஒரு பதில் சொல்லிப்போடுங்க."

"வேலையையே எடுக்கிறன் மாமா," என்றான் மக்கீன், உடனேயே.

"வெள்ளிக்கிழமை சொல்லுங்க. இண்டைக்கி ஒங்கட வாய் கதைக்குது. ஆற விடுங்க."

அந்த வாரம் முழுக்க மக்கீன் விடியமுன் வட்டைக்குப் போனான். கூலிக்காரரோடு சேர்ந்து எருமை சாய்த்துச் சூடு மிதித்தான், பொலி தூற்றினான், மூட்டை கட்டினான். மருமகன் இதெல்லாம் செய்ய வேண்டாம் என்று போடியார் சொல்லியும் கேட்கவில்லை. அவனுடைய புத்தகங்கள் பின்னல் றேந்தைத் துணியால் மூடப்பட்டு அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டன. காலிதீன் இரண்டு தரம் வந்து கிணற்றடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தான். மக்கீன் இரண்டு தரமும் இல்லை என்று சொல்லச் சொன்னான். இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிற ஆளாக அவன் இதற்கு முன் இருந்ததில்லை.

இதற்கிடையில் அடுத்த வீட்டில் ஒரு தகரப் பெட்டி வந்து இறங்கிற்று. தையற்காரன் வந்து காலிதீனுக்குக் கோட்டுக்கு அளவெடுத்தான். பெட்டிக்குக் கறுப்புச் சாயம் பூசி, வெள்ளை எழுத்தில் இங்கிலீசில் பேர் எழுதி, காய்வதற்காகக் கிணற்றுக் கட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீர் அள்ளப் போகிற ஒவ்வொரு முறையும் லைலா அந்த எழுத்துகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"காயல்ல, பார்த்துப் போ புள்ள," என்பாள் றம்ஸியா ஒவ்வொரு முறையும். "நாலு வருஷம். எப்பிடித்தான் இரிக்கப் போறனோ தெரியா. லீவுக்குத்தான் வருவாராம். ஒனக்கென்ன, நீ குடுத்து வெச்சவ. ஒன்ட மாப்பிள்ளை வீட்டோடயே."

லைலா நேர்ந்து கேட்டுப் பெற்ற பாக்கியம் அது. அதையே றம்ஸியாவின் வாயால் கேட்டபோது சூடைமீன் முள்ளைப் போலத் தொண்டையில் நின்றது. முன்னே மை தந்தவள் மேல் இருந்த எரிச்சல் இப்போது முழுசாகப் பெட்டிக்காரி மேல் வந்து இறங்கியிருந்தது. றம்ஸியா ராத்தா அஞ்சாம் வகுப்பில் தன்னைவிடப் பின்னுக்கு இருந்தவள், குர்ஆன் ஓதினால் நாலு இடத்தில் பிழை விடுகிறவள், அவளுக்கு மட்டும் எப்படி வந்தது முன்வரிசை என்று நெல்லைக் கிண்டிக் கிண்டி எண்ணினாள். அதே நேரம் தன் புருஷனைப் பின்வரிசையில் தள்ளிவிட்டது தன் கைதானோ என்ற பயம் வேறு அரித்தது.

சேவலும் சும்மா இருக்கவில்லை. நேரம் கெட்ட நேரத்தில் கூரையில் ஏறிக் கூவியது. நேர்ச்சையைக் கொடுக்காமல் வைத்திருப்பது பெரிய பாவம். கொடுத்தால், எதற்கு நேர்ந்தது என்று கேட்பார்கள். வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, சேவலின் காலைக் கட்டி, அரிசியைக் கடகத்தில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு லைலா கடற்கரை வழியே நடந்தாள். தோணிகள் ஏறிக் கிடந்தன. கரைவலை இழுத்தவர்கள் ஓய்ந்து, வலையைப் பிரித்துக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சேலைக்குள்ளிருந்து சேவல் ஒரு தரம் கொக்கரித்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் பள்ளிவாசல் லெப்பை அபுல் ஹஸனுக்குத் துஆ ஓத, எதற்கு நேர்ந்தது என்ற நிய்யத்துத் தெரிய வேண்டும். பெண்கள் பக்கத்தில் நின்ற அஸீஸாவுக்கு அதைவிட அவசரமாகத் தெரிய வேண்டும். அஸீஸாவுக்குத் தெரிந்தால் மூன்று ஊருக்குத் தெரிந்த மாதிரி.

"எதுக்கு நேந்த புள்ள? ஒன்ட மாப்பிள்ளைக்கி இந்த முறை சரிவரல்ல எண்டுதானே கேள்விப்பட்டன்?"

லைலாவின் கண்ணுக்குள் அப்போது கிணற்றுக் கட்டில் காய்ந்துகொண்டிருந்த பெட்டிதான் நின்றது.

"காலிதீன் மச்சானுக்கு," என்றாள். "அவரு பாஸ் பண்ணணும் எண்டு."

அஸீஸா கன்னத்தில் கை வைத்தாள். லெப்பை தலையை அசைத்துப் பாராட்டினார். தன் புருஷன் எழுதின அதே சோதனைக்கு அடுத்த வீட்டு மாப்பிள்ளைக்காக நேர்ந்த பெண்ணை அவர் இப்போதுதான் காண்கிறாராம். காலிதீனின் பேர் சொல்லித் துஆ ஓதினார். லைலா ஆமீன் சொன்னாள்.

அவள் வீட்டுக்கு வருவதற்குள் கதை வந்துவிட்டது. மஃரிபுத் தொழுகைக்கு முன்னம் றம்ஸியா ஒரு கோப்பை இனிப்பு வட்டலப்பத்தோடு வந்து, அதைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல் லைலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் ஒன்னப் பத்தி வேற மாதிரி நெனச்சிட்டன் தங்கச்சி. பொறாமையில நீ முகத்தத் திருப்புறாய் எண்டு நெனச்சன். ஒனக்கு எம்பட்டுப் பெரிய மனசு. பெட்டியையும் ஒன்ட கண்ணுல பட வெச்சனே, என்னப் பொறுத்துக்க."

லைலாவும் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று றம்ஸியாவுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து வட்டையிலிருந்து வந்த மக்கீன் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். உள்ளே வரவில்லை. பள்ளிக்குப் போனவன் இஷா தொழுதுவிட்டு வந்து, தின்னாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை. அவித்த நெல்லைப் பாயில் பரப்பிவிட்டு லைலா காகம் விரட்டிக்கொண்டிருந்தாள். மக்கீன் ஜும்ஆவுக்குக் குளிப்பதற்காகக் கிணற்றடிக்கு வந்தான். வாளியைக் கிணற்றில் விட்டான். இழுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

"வட்டலப்பம் நல்லாயிருந்துதா?" என்றான்.

"நான் தின்னல்ல."

"ஏன்? ஒனக்குத்தானே குடுத்த. காலிதீனுக்கு நேந்தவளுக்கு." அவன் குரல் உயரவில்லை. "எனக்கு ஒண்டும் நேரல்லயா நீ?"

லைலா காகக் கம்பால் பாயோரத்தில் தட்டிக் காகத்தை விரட்டினாள்.

"மாமி கிடாய் நேந்தா. என்ட உம்மா மருதமுனையில மூணு நோன்பு பிடிச்சா. நீ என்ட பொஞ்சாதி. நீ அவருக்கு நேந்திரிக்காய். அவரு பெரிய ஆள்தான், நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா இந்த ஒரு கிழமையா எனக்கு வராத எரிச்சல் நேத்து வந்திச்சு லைலா. யூனிவேசிற்றி அவருக்குக் கிடைச்சதுக்கு வரல்ல. ஒன்ட துஆவும் அவருக்குத்தான் கிடைச்சிரிக்கு எண்டதுக்கு வந்திச்சு."

அவன் முகத்தில் இருந்ததை லைலா அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று மாதமாகத் தன் நெஞ்சுக்குள் வைத்துப் பால் வார்த்த அதே பாம்பு.

"அவருக்கு நேரல்ல," என்றாள். "பொய் சொன்னன்."

"பொறகு?"

"ஒங்களுக்குத்தான் நேந்தன். நீங்க அந்த யூனிவேசிற்றிக்குப் போகக் கூடா எண்டு நேந்தன்."

கயிறு அவன் கையிலிருந்து வழுகிற்று. வாளி கீழே தண்ணீரில் மூழ்குகிற சத்தம் கேட்டது. ஒரு காகம் வந்து நெல்லில் இறங்கியது. இருவரும் அதை விரட்டவில்லை.

"மை தந்தவ," என்றாள் லைலா. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்பதுபோல.

மக்கீன் கோபிக்கப் போகிறான் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் கிணற்றுக் கட்டின் மேல் குந்தி, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். கையை எடுத்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல சிரிப்பல்ல. ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அந்தச் சேவல் பாவம். சும்மா செத்திரிக்கு. நான் எப்பிடித் தவறின எண்டு ஒனக்குத் தெரியுமா? சரித்திர வினாத்தாள். அஞ்சு கேள்வி எழுதணும். ரெண்டாவதுல மை முடிஞ்சிட்டு. பக்கத்துல அந்தப் புள்ள மைப் போத்தல வெச்சிக்கிட்டு எழுதுது. கேட்டாத் தரும். கேக்க வெட்கம். ஒரு பொம்புளப் புள்ளயிட்டக் கேக்கிறதா, ஊருக்குப் போனா ஒனக்குச் சொல்லாம இரிக்க ஏலுமா, நீ என்ன நெனப்பாய் எண்டெல்லாம் யோசிச்சிக்கிட்டு முக்கா மணித்தியாலம் காய்ஞ்ச பேனையப் பிடிச்சிக்கிட்டு இரிந்தன். கடைசியாக் கேட்டன். உடனே தந்தா. நிமிந்தும் பார்க்கல்ல. ஆனா நேரம் போயிட்டு. நாலாம் அஞ்சாம் கேள்வியத் தொடல்ல."

"அப்ப என்னாலதானே?"

"என்ட வாயாலதான். முதல்லயே கேட்டிருந்தா எழுதியிருப்பன்." அவன் எழும்பி மறுபடியும் கயிற்றைப் பிடித்தான். "போகட்டும். இண்டைக்கி மாமாட்டச் சொல்லிடுறன், சங்கத்து வேலைக்கே போறன் எண்டு. நீ நேந்தபடி வீட்டோட இரிக்கன்."

அவன் வாளியை இழுத்தான். கப்பி கிறீச்சிட்டது. லைலாவின் கண் அவன் உள்ளங்கைக்குப் போனது. ஒரு கிழமை மூட்டை தூக்கியதில் தோல் உரிந்து, பேனை பிடிக்கிற விரலில் கொப்புளம் கட்டியிருந்தது. அடுத்த வீட்டுக் கதவடியில் காய்ந்து முடிந்த பெட்டி, வெள்ளை எழுத்தோடு, வெயிலில் மினுங்கியது. அதைப் பார்க்க இன்றைக்கும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தப் பெட்டி போகிற பஸ்ஸில் றம்ஸியா ஏறப்போவதில்லை என்பதும் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

உம்மா அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. வாப்பா வெள்ளைச் சாரம் உடுத்துக்கொண்டு முன் வாசலில் மிதியடி தேடிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் மருமகனைக் கூப்பிடுவார். இவன் பதில் சொல்லிவிடுவான்.

லைலா காகக் கம்பைக் கீழே போட்டாள். பாயைத் தாண்டி, நெல் காலில் ஒட்டுவதையும் பாராமல், கிணற்றடிக்குப் போய் அவன் பிடித்திருந்த கயிற்றை அவளும் பிடித்தாள். வாளி பாதியில் நின்றது.

"வேலை வேணாமெண்டு வாப்பாட்டச் சொல்லுங்க," என்றாள். "மார்கழிக்குத் திரும்ப எழுதுங்க. மட்டக்களப்புல அறை எடுங்க."

"நீ?"

அடுப்படியில் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. உம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் லைலா குரலைத் தாழ்த்தவில்லை.

"ரெண்டு பேருக்குக் காணுற அறையா எடுங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்க."